இடது பக்கம் இழுக்கும் வண்டி

ஆபீஸில் கொஞ்ச நாளாக ஆணி அதிகம். அதனால்தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. இன்றைக்கு எடிசனில் பனி கொட்டுகிறது. தங்கமணியும் பையனும் தூங்கியாச்சு. ரொம்ப நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த மைசூர்க் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. கொசுவத்தி சுத்தப் போகிறேன், புகை கண்ணில் பட்டால் நான் பொறுப்பில்லை.

கதை ஒரு மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க் பற்றியது. "இதுக்கெல்லாமா ஒரு பதிவு" என்று நினைப்பவர்கள் கடைசிப் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். ஊரில் அப்பா இன்னும் வண்டி ஓட்டுகிறவர்கள் முழுசாகப் படிக்கவும்.

அப்பாவுக்கு பேங்க் உத்தியோகம். மைசூருக்கு மாற்றலாகி வந்து, அப்படியே ஒண்டிக்கொப்பலில் வீடு பிடித்து செட்டில் ஆனோம். வீட்டுக்குள்ளே தமிழ், வாசல்படி தாண்டினால் கன்னடம். 1986ல் அப்பா யெஸ்டி ரோட்கிங் வாங்கினார். எனக்கு ஒன்பது வயசு. பெட்ரோல் டேங்க் மேல் என்னை உட்கார வைத்துக்கொண்டு சாமுண்டி மலைக்குப் போய்ப் பூஜை போட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்று ராத்திரியே ஒரு நீள நோட்டு வாங்கி, கோடு போட்டு, முதல் வரி எழுதினார். எத்தனை லிட்டர் பெட்ரோல், எவ்வளவு டூ-டி ஆயில், எந்தத் தேதி, என்ன ரிப்பேர் எல்லாம் அதில் இருக்கும். பேங்க்காரர் இல்லையா.

மைசூரில் அப்போது யெஸ்டி வைத்திருப்பது பெரிய விஷயமே இல்லை. வண்டி பிறந்ததே அந்த ஊரில்தான். யாதவகிரியில் ஐடியல் ஜாவா ஃபேக்டரி. ருஸ்தம் இரானி, ஃபரூக் இரானி என்ற பார்சிக்காரர்கள் செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு ஆரம்பித்தது. 1961ல் திறந்து வைத்தவர் ஜெயசாமராஜ உடையார். 1973லிருந்து ஜாவா என்ற பேர் போய் யெஸ்டி என்று ஆனது. ரோட்கிங் வந்தது 1978ல். 1996ல் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். 2018ல் ஜாவா, 2022ல் யெஸ்டி என்று புது வண்டிகள் வேறு கம்பெனியிலிருந்து வந்தன. அது வேறு வண்டி, நம்ம கதைக்கு வேண்டாம்.

கிக்கரே கியர் லீவரும் ஆகிற அந்த வண்டி, இரண்டு சைலன்சரில் "டப் டப் டப்" என்று வீட்டு முனையில் திரும்பும்போதே அம்மா அடுப்பில் காபித் தண்ணீர் வைத்துவிடுவாள்.

நான் 2000ல் அமெரிக்கா வந்தாச்சு. அப்பா 2009ல் ரிட்டயர் ஆனார். வண்டியை விற்கவில்லை. பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பித்தார். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ ஆபீஸ் போய் வண்டியைக் காட்டிவிட்டு வருவார். அதுவும் நோட்டில் இருக்கும்.

2024 மார்ச்சில் ஒரு நாள் விடிகாலை போன். அம்மா. "பதறாதே, அப்பா வண்டியோட விழுந்துட்டார்." பதறாதே என்று ஆரம்பித்தால் யார் பதறாமல் இருப்பார்கள்?

வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஹம்ப். (மைசூரில் ஸ்பீட் பிரேக்கருக்கு அதுதான் பேர்.) மெதுவாகத்தான் வந்திருக்கிறார். பிரேக் பிடித்ததும் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு கீழே இறங்கியது. ஹம்ப் ஏறும்போது "டங்" என்று அடித்து ஹேண்டில் திரும்பிவிட்டது. இடது மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. எழுபத்தைந்து வயசு.

இங்கே உட்கார்ந்துகொண்டு நாம் என்ன செய்வோம்? பணம் அனுப்புவோம், உத்தரவு போடுவோம். நானும் அதையே செய்தேன். முதல் உத்தரவு: "வண்டியை வித்துடுங்கப்பா." பதில் இல்லை. இரண்டாவது: "சரி, விக்க வேண்டாம். முன்பக்கத்தையே மாத்திடலாம்." ராத்திரியெல்லாம் முழித்து நெட்டில் தேடினேன். இப்போதைய பைக்கின் ஃபோர்க், வீல், டிஸ்க் பிரேக் எல்லாம் சேர்ந்த செட்டை யெஸ்டியில் மாட்டுகிறார்கள். முப்பதாயிரத்துச் சில்லறை. டாலரில் கணக்குப் போட்டால் ஒன்றுமே இல்லை. லிங்க் அனுப்பினேன்.

அப்பா ஒரே வரியில் பதில் போட்டார். "முதலில் இருப்பதைத் திறந்து பார்க்கலாம். நீ ஜூலையில் வா."

ஜூலையில் பையனுக்கு ஸ்கூல் லீவு. போனோம். கட்டு பிரித்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. அப்பா ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிக் கைக்குப் பலம் ஏற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு மண்டி மொஹல்லாவில் இருக்கிற பாய் கடைக்குப் போனோம். பாய் சின்ன வயசில் அந்த ஃபேக்டரியிலேயே வேலை பார்த்தவர். உருது, கன்னடம், தமிழ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். அப்பா அவருக்கு "சாமி", நான் "தம்பி".

நான் போனை நீட்டி டிஸ்க் பிரேக் செட்டைக் காட்டினேன். பாய் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்ல சாமான்தான் தம்பி. சின்னப் பசங்க போடறாங்க. நானே போட்டுக் குடுத்திருக்கேன். ஆனா சும்மா கழட்டி மாட்டற வேலை இல்ல."

அவர் சொன்ன காரணங்களை என் பாஷையில் தருகிறேன். ஒன்று, ஸ்டீரிங் தண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் அதன் நீளமும் கோன் செட் அளவும் வேறு. பழைய ஃபிரேமில் புதுத் தண்டு உட்கார வேண்டுமானால் லேத்தில் கடைய வேண்டும், சில சமயம் வெல்டிங் பண்ண வேண்டும். வெல்டிங் விட்டால் ஆள் காலி. இரண்டு, உயரம். புது ஃபோர்க்கும் வீலும் சேர்ந்து ஒரு அங்குலம் குட்டையாக இருந்தால்கூட வண்டி தலை குனிந்துவிடும். தலை குனிந்தால் முன் சக்கரம் சாய்ந்திருக்கிற கோணம் குறையும். ஹேண்டில் லேசாகத் திரும்பும், ஆனால் வேகத்தில் நேராக நிற்காது. இருபது வயசுக்காரனுக்கு அது ஜாலி. எழுபத்தைந்துக்கு? மூன்று, சட்டம். கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதியாகச் சொன்னது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ.வில் போய் நிற்கிற வண்டிக்கு இது வம்பு.

"முதல்ல இதுக்கு என்ன வியாதின்னு பாக்கலாம்" என்று பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அமுக்கி விட்டார். வண்டி பந்து மாதிரி துள்ளி, இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டு நின்றது. "பாருங்க. ஒரு தடவை ஏறி நிக்கணும். ஆடக் கூடாது."

நான் இன்ஜினியரிங் படித்தவன், ஆனால் கம்ப்யூட்டர். ஃபோர்க் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் ஒழுங்காகப் புரிந்தது. ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் ஆயில். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கின ஸ்பிரிங் படக்கென்று திரும்பி வராமல் பிடித்து நிறுத்துவது ஆயில். சின்னச் சின்ன ஓட்டை வழியாக ஆயில் நசுங்கிப் போகிறபோது வேகம் அடங்குகிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் வண்டி மூக்கைக் குத்தும். ஆயில் போனால் குதிரை மாதிரி துள்ளும். அப்பா வண்டியில் இரண்டும் இருந்தது.

முதலில் அளவு எடுத்தார். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன் சக்கரம் காற்றில் தொங்கும்போது அச்சிலிருந்து மேல் பிராக்கெட் வரை டேப் வைத்து ஒரு அளவு. அப்பாவை உட்கார வைத்து ஒரு அளவு. முழு ஆட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் சரி. இது பாதிக்கு மேல் இறங்கியது. மீதி இருப்பதை வைத்துக்கொண்டு அது ஹம்ப்பை எப்படித் தாங்கும்?

அப்புறம் ஆயிலை வடித்தார். வலது காலிலிருந்து கறுப்பாகக் கொஞ்சம் வந்தது. இடது காலிலிருந்து சாம்பல் கலரில் நாலு சொட்டு. கசிந்தது போக மிச்சம். கசிந்ததில் ஒரு பங்கு முன் டிரம்முக்குள் இறங்கி பிரேக் ஷூவையும் நனைத்திருந்தது.

மேல் நட்டைக் கழற்றி ஸ்பிரிங் இரண்டையும் உருவித் துடைத்து பெஞ்சின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார். இடது ஸ்பிரிங் ஒரு விரல்கடை குட்டை. கம்பியும் தடி. அது யெஸ்டி ஸ்பிரிங்கே இல்லை.

பாய் ஒன்றும் பேசவில்லை. இரண்டு ஃபோர்க் பைப்பையும் எடுத்துக் கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டினார். வலது ஓடியது. இடது நொண்டி நொண்டி ஓடியது.

"இது எங்கயோ முட்டி வளைஞ்சு, தட்டி நிமித்தின பைப் சாமி. பழைய வேலை. யார் பண்ணாங்க?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அடிவயிற்றில் என்னமோ செய்தது. 1997. மூன்றாம் வருஷம். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ராத்திரி டிரிப்பிள்ஸ் திரும்பி வருகிறோம். சித்தலிங்கபுரம் தாண்டி ஒரு நாய் குறுக்கே வந்து, அதைத் தவிர்க்கப் போய் ரோட்டோரக் கல்லில் முன் சக்கரத்தை ஏற்றினேன். யாருக்கும் பெரிசாக அடி இல்லை. ஆளுக்குக் கொஞ்சமாக முந்நூறு ரூபாய் சேர்த்து, பெங்களூர் ரோட்டில் ஒரு ஷெட்டில் தட்டி நிமிர்த்தி, இருக்கிற ஸ்பிரிங் ஒன்றைப் போடச் சொல்லி, அடுத்த நாள் மத்தியானம் வண்டியை அப்பாவின் பேங்க் வாசலில் கொண்டு போய் நிறுத்தினேன். துடைத்து வேறு வைத்திருந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அப்புறம் எனக்கே மறந்தும் போனது.

"நான்தான்பா" என்றேன். "காலேஜ் படிக்கும்போது."

"தெரியும்" என்றார் அப்பா. "இடது பக்கம் இழுக்கும். அப்புறம் கை பழகிடுச்சு."

அவ்வளவுதான். பாயைப் பார்த்து "பைப் புதுசு கிடைக்குமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

நான் பாயைத் தனியாகக் கூப்பிட்டு, "மார்ச்ல விழுந்தது இதனாலயா?" என்று கேட்டேன். பாய் நேர்மையான மனுஷன். "ஸ்பிரிங் வேற வேறயா இருந்தா மட்டும் ஆள் விழ மாட்டான் தம்பி. ரெண்டு காலும் ஒரே அச்சுல மாட்டியிருக்கு, பலம் கூட்டிக்கும். ஆனா வளைஞ்ச பைப் உள்ள உரசும், மாட்டிக்கும். அந்த உரசல்லதான் சீலும் போச்சு, ஆயிலும் போச்சு. அதோட வயசு. வண்டிக்கும், அவருக்கும்." இதுதான் காரணம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வேலை நாலு நாள் நடந்தது. இடது பைப்புக்கு ஃபேக்டரி காலத்துப் பழைய ஸ்டாக் ஒன்றைப் பாய் எங்கிருந்தோ பிடித்தார். வலது பைப்பைத் துரு நீக்கி ஹார்ட் குரோம் போட்டு கிரைண்டிங் பண்ணினோம். ஸ்பிரிங் ஜோடியாகப் புதுசு, ஒரே அளவு. அதற்கு மேல் லேத்தில் கடைந்த நைலான் ஸ்பேசர், இரண்டு பக்கமும் ஒரே உயரம். புது ஆயில் சீல். முன்பு இருந்ததைவிட ஒரு படி கெட்டியான ஆயில், இரண்டு காலிலும் அளவுக் குப்பியில் அளந்து ஒரே அளவு. கோன் செட்டில் பால்ஸ் குழி விழுந்திருந்தது. அதையும் மாற்றி கிரீஸ் வைத்தார். பிரேக் ஷூ புதுசு, டிரம் சுத்தமாகக் கடைந்தது, முன் டயர் புதுசு. மொத்தம் பதினோராயிரத்து நானூறு.

நான் ஓட்டிப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. "இன்னும் டைட் பண்ணலாமே பாய்" என்றேன். "நீங்க எத்தனை கிலோ?" "எண்பத்தி நாலு." "சாமி ஐம்பத்தெட்டு. வண்டி யாருது?" வாயை மூடிக்கொண்டேன். அப்பாவை உட்கார வைத்து மறுபடி டேப் பிடித்தார். மூன்றில் ஒரு பங்கு. சரியாக இருந்தது.

சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு அப்பா நோட்டு எழுதினார். முதல் நோட்டு தீர்ந்து இப்போது மூன்றாவது. அவர் தூங்கப் போனதும் நான் அலமாரியில் இரண்டாவது நோட்டைத் தேடி எடுத்தேன். 1997, செப்டம்பர். பெட்ரோல், பெட்ரோல், பின் டயர் பஞ்சர், பெட்ரோல். அதற்கு அடுத்த வரி: "ஹேண்டில் இடது பக்கம் இழுக்கிறது. முன் ஃபோர்க் தட்டியிருக்கிறது. பையன் பரீட்சை முடிந்ததும் கேட்க வேண்டும்."

பரீட்சை முடிந்தது. அடுத்த பரீட்சை வந்தது. வேலை, விசா, பிளைட். அவர் கேட்கவே இல்லை. இருபத்தேழு வருஷம் அந்த வண்டியை ஹேண்டிலை லேசாக வலது பக்கம் பிடித்தே ஓட்டியிருக்கிறார். கொஞ்ச நேரம் அந்த நோட்டை மூடாமலே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஜூலை 14. ஜூலையில் இரண்டாவது ஞாயிறு என்றால் ஜாவா, யெஸ்டிக்காரர்களுக்குப் பண்டிகை நாள், உலகம் பூராவும் பழைய வண்டிகளை வெளியே எடுப்பார்கள். அப்பா கூட்டத்துக்கெல்லாம் வரவில்லை என்றுவிட்டார். விடிகாலை யாதவகிரி வரைக்கும் மட்டும் ஒரு ரவுண்டு. அவர் முன்னால், நான் பின்னால் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில். அவர் விழுந்த அதே ஹம்ப் வந்தது. எனக்குக் கை வேர்த்துவிட்டது. வண்டி இறங்கியது, ஏறியது, நின்றது. துள்ளவில்லை. முனை தாண்டியதும் ஹேண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்து எனக்குச் சைகை காட்டினார். "ரெண்டு கையாலயும் பிடிங்கப்பா" என்று கத்தினேன். எண்பதுகளில் அவர் எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கும்போது கத்தின அதே வசனம் என்று அப்புறம்தான் உறைத்தது.

திரும்பி வரும்போது சொன்னார்: "இப்ப வலது பக்கம் இழுக்குதுடா." வண்டி நேராகத்தான் போகிறது. கைதான் பழக்கத்தில் வலது பக்கம் பிடிக்கிறது. அது சரியாக அவருக்கு ஒரு வாரம் ஆனது.

வீட்டில் பஞ்சாயத்து வைத்து ஒரு ஒப்பந்தம் போட்டோம். மழையில் கிடையாது, இருட்டினால் கிடையாது, ரிங் ரோடு கிடையாது. மார்க்கெட், குக்கரஹள்ளி ஏரி வாக்கிங், பாய் கடை, அவ்வளவுதான். "லைசென்ஸ் 2027 வரைக்கும் இருக்கு. புதுப்பிக்கப் போனா டாக்டர் சர்டிஃபிகேட் கேப்பாங்க. அவர் வேண்டாம்னா நானே வித்துடறேன்" என்றார். வித்துடுங்க என்று நான் சொன்னபோது பதில் போடாத மனுஷன். நான் போனிலேயே தொடர்ந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தால் இந்தப் பேச்சே நடந்திருக்காது.

இப்போது ஊருக்குப் போகிறவர்களுக்கு. அப்பாவோ மாமாவோ பழைய வண்டி வைத்திருந்தால், புதுசு வாங்கித் தருகிறேன் என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் கால் மணி நேரம் இதைப் பாருங்கள்:

முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை அமுக்கி விடுங்கள். துள்ளினால் ஆயில் போயிருக்கிறது.

ஃபோர்க் காலை விரலால் தடவுங்கள். பிசுபிசுவென்று இருந்தால் சீல் போயாச்சு, பிரேக் ஷூவையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சென்டர் ஸ்டாண்டில் முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். நடுவில் "டிக்" என்று மாட்டினால் கோன் செட். காலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது ஆடினாலும் அதுதான்.

ஓட்டுகிறவரை உட்கார வைத்து அளவு எடுங்கள். உங்களை அல்ல, அவரை.

எதை மாற்றினாலும் இரண்டு காலுக்கும் ஜோடியாக மாற்றுங்கள்.

போன வாரம் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னணியில் "டப் டப் டப்" கேட்டது. "இரு, காபிக்குத் தண்ணி வச்சுட்டு வரேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

பி.கு: தங்கமணி இதைப் படித்துவிட்டு, "பையனுக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல பதினாறு, கார் கேப்பான். நீங்களும் நோட்டு போடுவீங்களா?" என்றாள். நோட்டு போடலாம். கேள்வியைப் பரீட்சை முடியும் வரைக்கும் தள்ளிப்போடுவதாக மட்டும் இல்லை.